நட்சத்திரம் யார் வீட்டுச் சொத்து?

முருகனின் அறுகோணச் சக்கரத்தையும் இஸ்ரேல் கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ‘பார்த்தீர்களா, யூதர்களும் நம்மவர்களே!’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. அனுப்புகிறவர்கள் நல்லவர்கள்தான், கணக்குத்தான் உதைக்கிறது.

காம்பஸை எடுத்து ஒரு வட்டம் போடுங்கள். விரித்த அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே வெட்டிக்கொண்டு போனால் சரியாக ஆறு புள்ளி விழும். ஒன்றுவிட்டு ஒன்றைக் கோட்டால் சேர்த்தால் நட்சத்திரம் தயார். கல்தச்சனோ தச்சனோ, யார் கைக்கும் இது தானாக வரும். தில்லி ஹுமாயூன் கல்லறையின் வாசல் வளைவுகளில் இருக்கிறது. இஸ்லாமிய நாடுகளில் இதற்கு சுலைமான் முத்திரை என்று பெயர். பவேரியாவின் சில ஊர்களிலோ, ஊர்ப் பொது வடிசாலையில் காய்ச்சிய பீர் தயாரானால் வீட்டு வாசலில் இந்த நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். அவர்களையும் உறவுமுறையில் சேர்த்துவிடலாமா?

யூதர்களிடமே இது அவ்வளவு தொன்மையான அடையாளம் இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். கலிலேயக் கடலோரம் கப்பர்நகூமின் பழைய தொழுகைக்கூடத்துக் கல்லில் இது உண்டு. கூடவே ஐந்துமுனை நட்சத்திரமும் இருக்கிறது. இரண்டும் வெறும் அலங்காரம். ஒரு சமூகமே இதைத் தன் அடையாளமாகத் தூக்கிப்பிடித்தது பிராகாவில். 14ஆம் நூற்றாண்டில் மன்னர் நான்காம் சார்லஸ் அங்குள்ள யூதர்களுக்குக் கொடி வைத்துக்கொள்ளும் உரிமை தந்தார். அந்த வழியில் வந்த கொடி ஒன்றை அங்குள்ள பழைய-புதிய தொழுகைக்கூடத்தில் இன்றும் பார்க்கலாம். நட்சத்திரத்துக்குள் ஒரு தொப்பி! வியன்னாவில் 1656இல் நட்ட எல்லைக்கல்லில் கிறிஸ்தவர் பகுதிக்குச் சிலுவை, யூதர் பகுதிக்கு நட்சத்திரம். 19ஆம் நூற்றாண்டில்தான், சிலுவைக்கு ஈடாகத் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று ஐரோப்பிய யூதர்கள் தொழுகைக்கூடங்களின் உச்சியில் இதை ஏற்றினார்கள். 1897இல், யூதர்களுக்குத் தனித் தாயகம் கோரி சுவிட்சர்லாந்தின் பாசலில் கூடிய முதல் சியோனிச மாநாட்டோடு அது அரசியலுக்கும் வந்தது.

பிறகு ஹிட்லர். 1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் மஞ்சள் துணி நட்சத்திரத்தை இடப்பக்க மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும்; நடுவில் ‘யூதன்’ என்று கறுப்பு எழுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சட்டையிலும்தான். இந்தச் சின்னத்தின் வரலாற்றை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம், அவமானமும் மரணமும்தான் இதற்கு உண்மையான புனிதத்தைக் கொடுத்தன என்ற முடிவுக்கு வந்தார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஒரு சின்னம் யாருடையது என்பதை அது எங்கே முதலில் கிடைத்தது என்று தோண்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக யார் என்ன பட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

தொன்மைதான் வேண்டுமென்றால் யூதர்களிடம் வேறொன்று இருக்கிறது: எருசலேம் ஆலயத்தில் எரிந்த ஏழுகிளை விளக்கு. 1948இல் நட்சத்திரத்தைக் கொடியில் ஏற்றிய இஸ்ரேல், 1949இல் அரசு முத்திரைக்குத் தேர்ந்தெடுத்தது அந்த விளக்கைத்தான்.