பெரியவர்களும் பாடத்தான் குழந்தைப் பாட்டு

2007 ஜனவரியில் ஜப்பான் அரசின் பண்பாட்டுத் துறை ஒரு பாடல் பட்டியலை வெளியிட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பாடி, அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக வேண்டிய நூறு பாடல்கள் என்பது திட்டம். நூறுக்குள் அடக்க முடியாமல் 101 ஆகிவிட்டது. அதிலுள்ள பழைய குழந்தைப் பாடல்களின் பொருளைக் கேட்டால் வெளிநாட்டவர் கொஞ்சம் திகைத்துப்போவார். தாயைப் பிரிந்த பிள்ளை, கேலிக்கு ஆளான குட்டி, திரும்பிப் போக முடியாத ஊர் எனப் பிஞ்சு மனசுக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவைக்கும் சங்கதிகள் பல அங்கே இருக்கின்றன. அந்த நாட்டுக் குடும்பங்கள் தலைமுறை தாண்டியும் இவற்றை விடாமல் பாடுவதற்கு அதுதான் முதல் காரணம்.

இது தானாக நடந்ததல்ல. 1918இல் சுசுகி மிஎகிச்சி என்ற எழுத்தாளர் ‘அகாய் தோரி’ (சிவப்புப் பறவை) என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். நாவலாசிரியர் நத்சுமே சோசெகியின் சீடர் அவர். தன் மகள் வளரும் காலத்தில் கடைகளில் கிடைத்த சிறுவர் புத்தகங்களின் தரம் அவருக்கு ஒப்பவில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டுகளோ நீதியும் தேசபக்தியுமாக விறைத்துக் கிடந்தன. நாட்டின் முதல் வரிசை எழுத்தாளர்களிடமே போய்ப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள் என்று கேட்டார். அகுதாகவாவின் புகழ்பெற்ற சிறுகதை ஒன்று முதல் இதழிலேயே வந்தது. கிதஹரா ஹகுஷூ, சைஜோ யாசோ போன்ற கவிஞர்கள் பாட்டு எழுதினார்கள். பாட மறந்துபோன ஒரு கனாரிப் பறவையைப் பற்றி சைஜோ எழுதிய கவிதை, 1919இல் நரிதா தமெசோவின் மெட்டோடு, இசைக்குறிப்புடன் அச்சாயிற்று. அந்தப் பறவையைக் காட்டில் விட்டுவிடலாமா, புதைத்துவிடலாமா, அடிக்கலாமா என்று கேள்விகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கூடாது என்று பதில் வருகிறது. ஜப்பானியக் குழந்தைப் பாட்டின் புதிய காலம் இந்தக் கேள்விகளோடுதான் தொடங்கியது. இதழ் தொடங்கிய ஜூலை 1ஆம் தேதியைக் குழந்தைப் பாடல் நாளாக இன்றும் அங்கே கொண்டாடுகிறார்கள்.

‘அகா தோம்போ’, அதாவது சிவப்புத் தும்பி, அந்த அலையில் வந்த பாட்டு. ஜப்பானியர்களிடம் பிடித்த பாட்டு எது என்று கேட்கும்போதெல்லாம் முன்வரிசையில் வந்து நிற்பது. ஹியோகோ மாநிலத்துத் தத்சுனோ ஊரில் பிறந்த கவிஞர் மிகி ரோஃபூவின் பெற்றோர் அவர் சிறுவனாக இருக்கும்போதே பிரிந்துவிட்டார்கள். தாய் வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1921இல், வடக்கே ஹொக்கைதோவில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ரோஃபூ இந்தப் பாட்டை எழுதினார். அந்திச் சிவப்பில் பறக்கும் தும்பியை ஒரு குழந்தை பார்க்கிறது, தன்னைச் சுமக்கும் தாதிப் பெண்ணின் முதுகில் இருந்தபடி. அந்தப் பெண் பதினைந்து வயதில் கல்யாணமாகிப் போய்விடுகிறாள். அதன்பின் அவள் ஊரிலிருந்து சேதியும் நின்றுபோகிறது. பெர்லினில் இசை படித்துவந்த யமதா கோசாகு 1927இல் மெட்டமைத்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதில் தும்பி இருக்கிறது, சாயங்காலம் இருக்கிறது. அதையே பாடும் பாட்டிக்கு அந்தத் தாதிப் பெண்தான் நினைவுக்கு வருவாள். ஒரே பாட்டில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தால்தான் இருவரும் சேர்ந்து பாட முடியும்.

சோகமாக இருந்தால் போதும் என்பதல்ல. மாதோ மிச்சியோ எழுதி, ஓபரா இசையமைப்பாளர் தான் இகுமா மெட்டமைத்த யானைப் பாட்டு ‘ஸோ-சான்’ சின்னஞ்சிறியது. ஆடி அசைந்து நடக்கிற மூன்று தட்டுத் தாளம். உன் மூக்கு என்ன இவ்வளவு நீளம் என்று யாரோ கேட்க, அம்மா மூக்கும் நீளம்தான் என்கிறது குட்டி. கேட்டவன் விசாரிக்கவில்லை, கேலிதான் செய்கிறான். குட்டி அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. யானை யானையாக இருப்பதில் சந்தோஷப்படுகிறது என்று மாதோவே விளக்கியிருக்கிறார். இவருடைய கவிதைகளை அப்போதைய பேரரசி மிச்சிகோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1994இல் குழந்தை இலக்கியத்தின் உயரிய விருதான ஆண்டர்சன் விருது மாதோவுக்குக் கிடைத்தது. நூற்று நான்கு வயது வரை வாழ்ந்தார்.

இந்தப் பாட்டு பரவிய காலத்தில் தோக்கியோப் பிள்ளைகளின் மனதில் நிஜ யானை ஒன்று இருந்தது. போர்க்காலத்தில், 1943இல், உவேனோ உயிரியல் பூங்காவின் யானைகளைப் பட்டினி போட்டே சாகடித்திருந்தார்கள். போர் முடிந்தபின் பிள்ளைகள் யானை கேட்டு எழுதிய கடிதங்கள் நேருவிடம் போய்ச் சேர, 1949 செப்டம்பரில் மைசூரிலிருந்து ஒரு பெண் யானை கப்பலில் வந்து இறங்கியது. நேரு அதற்கு வைத்த பெயர் இந்திரா.

தொலைக்காட்சி வந்த பிறகும் மரபு அறுந்துவிடவில்லை. மீன் வடிவப் பலகாரம் ஒன்று இரும்புத் தட்டை விட்டுக் கடலுக்குத் தப்பி ஓடுகிற ‘ஒயோகே தாய்யாகி-குன்’ 1975இன் கடைசியில் இசைத்தட்டாக வந்தது. 45 லட்சத்துக்கு மேல் விற்று, ஜப்பானில் மிக அதிகமாக விற்ற பாடல் தட்டு ஆனது. முடிவில் அந்த மீனைத் தூண்டில்காரர் ஒருவர் பிடித்துத் தின்றுவிடுகிறார். வேலையில் நொந்துபோன அப்பாக்களும் அதை வாங்கினார்கள் என்பது தெரிந்த கதை.

மாலை ஐந்து மணிக்குப் பல ஊர்களில் ‘யூயாகே கோயாகே’ மெட்டு ஒலிபெருக்கியில் கேட்கும். நிலநடுக்க, சுனாமி எச்சரிக்கைக்காக நட்டுவைத்த ஒலிபெருக்கிக் கம்பங்கள் அவை. கருவி வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும். வெறும் சைரனுக்குப் பதில் நகமுரா உகோ எழுதி, குசகவா ஷின் மெட்டமைத்த 1923ஆம் ஆண்டுப் பாட்டை வைத்தார்கள். கோயில் மணி கேட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் பாட்டு என்பதால் பொருத்தமும் அமைந்தது. தெருவில் ஆடுகிற பிள்ளைக்கு அதுதான் கடிகாரம். இரைச்சல் என்று புகார் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. காசு கொடுத்து வாங்காமல், யாரும் பொத்தானை அழுத்தாமல், பேரன் காதிலும் தாத்தா காதிலும் ஒரே நேரத்தில் விழும் பாட்டு இன்றைக்கு வேறு எது இருக்கிறது?

பழைய பாட்டுகளின் சொற்கள் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவில்லை, பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. தொடக்கப் பள்ளியின் ஆறு வகுப்புகளிலும் வகுப்புக்கு நான்காக 24 பொதுப் பாடல்களை ஜப்பானியக் கல்வி அமைச்சகம் வைத்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் ‘யூயாகே கோயாகே’, ஆறாம் வகுப்பில் 1914ஆம் ஆண்டின் ‘ஃபுருசாதோ’. மலையில் முயல் துரத்தியதும் ஆற்றில் சிறு மீன் பிடித்ததுமான சொந்த ஊரை நினைக்கும் பாட்டு இது. அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்கு முயலும் தெரியாது, ஆறும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் 2011 மார்ச்சில் கடல் ஊரை அடித்துக்கொண்டு போனபோதும், ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனபோதும், இடம்பெயர்ந்த மக்கள் கூடிய இடங்களில் பாடியது இதைத்தான். பள்ளியில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்ததால்தான் அன்று முதியவருக்கும் பிள்ளைக்கும் ஒன்றாகப் பாட ஒரு பாட்டு இருந்தது. புரியாத சொல்லை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கலாம். அந்த 24இல் அமைச்சகம் கை வைக்க வேண்டியதில்லை.