மைல் கல் நகரவில்லை!

“பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பையன் கூடப் பதில் சொல்லி விடுவான். சுமார் 20 மைல். இக்காலக் கணக்கில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். ஆனால் நேயர்களே, தூரம் என்பது மைல் கல்லில் எழுதியிருப்பது மட்டுந்தானா?

இவ்விரண்டு ஊர்கள் விஷயத்தில் விதி கொஞ்சம் வேடிக்கை செய்திருக்கிறது. பெரம்பலூருக்குச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையைக் கொடுத்தது, ரயிலைக் கொடுக்கவில்லை. அரியலூருக்கு ரயிலைக் கொடுத்தது. அந்த நெடுஞ்சாலையைக் கொடுக்கவில்லை. ஆகவே ரயிலேற விரும்பும் பெரம்பலூர்வாசி முதலில் பஸ் ஏற வேண்டும். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக நாமக்கல்லுக்கு ரயில் பாதை வேண்டுமென்ற கோரிக்கை நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாதைதான் வந்தபாடில்லை.

அரியலூருக்கு ரயில் வந்ததே தூரத்தைக் குறைப்பதற்காகத்தான். முன்னெல்லாம் சென்னையிலிருந்து புறப்படும் ரயில் விழுப்புரம் தாண்டியதும் கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சை என்று ஊர் சுற்றிவிட்டே திருச்சி சேரும். 1920-களின் பிற்பகுதியில் விருத்தாசலம், அரியலூர் வழியாகக் ‘கார்டு லைன்’ போட்டார்கள். சுமார் 40 மைல் மிச்சமாயிற்று.

அந்தக் குறுக்கு வழியிலேதான் 1956 நவம்பர் 23-ந் தேதி விபத்து நேர்ந்தது. அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வெள்ளம் பெருகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். அவர் ரயிலை ஓட்டியவருமல்ல, பாலத்தைக் கட்டியவருமல்ல. இருந்தும், ஏறியவர்கள் இறங்க வேண்டிய ஊரில் இறங்குவதற்குத் தாமே பொறுப்பு என்று எண்ணினார்.

இன்னொரு வகைத் தூரமும் உண்டு. அது கலெக்டர் கச்சேரிக்குப் போகும் தூரம். 1995 வரையில் இப்பக்கத்து ஜனங்கள் அதற்குத் திருச்சிக்குப் போனார்கள். அவ்வருஷம் பெரம்பலூர் ஜில்லாத் தலைநகராயிற்று. 2001-ல் அரியலூர் தனி ஜில்லாவாயிற்று. 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ந் தேதி மறுபடியும் பிரிந்தது. விபத்து நடந்த அதே தேதி!

ஜயங்கொண்டம் பக்கத்துக் கிழவி ஒருத்தி மனுவும் கையுமாகப் புறப்படுவதாக வைத்துக் கொள்ளுங்கள். 2001-ல் அவள் அரியலூரில் இறங்கினால் போதும். மறு வருஷமோ, அரியலூரைத் தாண்டி இன்னும் 20 மைல் போக வேண்டும். போகிற வழியில் ஒரு மைல் கல்லும் இடம் பெயரவில்லை. கிழவிக்குத்தான் பஸ் கட்டணம் கூடிற்று. கூலிவேலைக்குப் போக வேண்டிய பொழுது கழிந்தது.

ஆகையால், இனி யாராவது தூரம் எவ்வளவு என்று கேட்டால், உடனே மைல் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். “என்ன காரியமாகப் போகிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.