கையொப்பத்தின் கனம்

அணுசக்தியால் இயங்கும் தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிக் கேள்விப்படும்போது நாம் வியப்பது அதன் அணு உலையைத்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா வகைக் கப்பலில் ஒருமுறை இடும் எரிபொருள், அதன் ஆயுட்காலமான ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கும் போதுமானது. ஆனால், உள்ளிருக்கும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோரின் உயிர், சாதாரணக் குழாய் இணைப்பையும் உருக்குத் துண்டையும் நம்பியே இருக்கிறது.

இந்தப் பாடத்தை அமெரிக்கக் கடற்படை பெருவிலை கொடுத்தே கற்றது. 1963 ஏப்ரல் 10 அன்று, பராமரிப்புப் பணி முடிந்து ஆழச் சோதனைக்குச் சென்ற 'திரெஷர்' அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 129 பேரும் மாண்டனர். குழாய் இணைப்பொன்று விட்டுப்போய்க் கடல்நீர் புகுந்திருக்கலாம் என்றது விசாரணைக் குழு.

அவ்வாண்டே 'சப்சேஃப்' என்னும் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. "சரியாகத்தான் இருக்கும்" என்ற வாய்ச்சொல் அங்கே செல்லாது. முக்கியமான பாகம் ஒவ்வொன்றும், புதியதாயினும் மாற்றுப் பாகமாயினும், சோதிக்கப்பட்டதற்கு எழுத்துச் சான்று வேண்டும். 1915 முதல் 1963 வரை போரல்லாத காரணங்களால் 16 நீர்மூழ்கிகளை இழந்த அக்கடற்படை, அதன்பின் ஒன்றை மட்டுமே இழந்தது. 1968இல் 99 பேருடன் மூழ்கிய அந்த 'ஸ்கார்ப்பியன்' இச்சான்று பெறாத கப்பலாகும்.

ஆனால், சான்றே பொய்யானால்?

வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரின் வார்ப்பாலை ஒன்று, நீர்மூழ்கிகளுக்கு உருக்கு வார்ப்புகள் செய்து கொடுத்தது. அங்கிருந்த உலோகவியலாளர் ஒருவர், 1985 முதல் 2017 வரை 240க்கும் மேற்பட்ட வார்ப்புகளின் சோதனை முடிவுகளைத் திருத்தி, தேறாதவற்றைத் தேறியவையாகக் காட்டினார். 2017இல் ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர் அட்டைகள் திருத்தப்பட்டிருப்பதைக் கண்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 2020இல் நிறுவனம் 1 கோடியே 9 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. 2022இல் அந்த உலோகவியலாளருக்கு இரண்டரை ஆண்டுச் சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. உருக்கை மைனஸ் 73 பாகை செல்சியஸ் குளிரில் சோதிக்கச் சொல்வது மடமை என அவர் கருதினாராம். கடல்நீர் அவ்வளவு குளிர்வதில்லை என்பது மெய்யே. ஆயினும், மோதலின் அதிர்ச்சியில் உருக்கு கண்ணாடிபோல் நொறுங்குமா, வளைந்து தாங்குமா என்பதை அறியவே இத்தகைய கடுஞ்சோதனை. விதி தவறென்று தோன்றினால் எதிர்த்து வாதிடலாம். ஏட்டில் பொய் எழுதலாமா?

எந்தக் கப்பலும் மூழ்கவில்லையே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால், உடலோடு ஒன்றாகிவிட்ட வார்ப்பை வீட்டுக் குழாயைப்போல் கழற்றி மாற்றிவிட முடியாது. பொய்யின் பாரத்தைச் சுமந்தவாறே கடலுக்குள் செல்லவேண்டியவர்கள், அதை எழுதியவரை ஒருநாளும் கண்டிராத மாலுமிகள்.

வாசக நேசர்களே! மருந்துக் கடையிலும் மின்பணியிலும் பள்ளி அலுவலகத்திலும் நாமும் நாள்தோறும் கையொப்பமிடுகிறோம். முன்பின் அறியாத ஒருவர் நம் கையில் ஒப்படைத்த அமானிதம் அது. பார்த்த பிறகே "பார்த்தேன்" என்று எழுதுவோம்.