சாமி கும்பிடாதவருக்குச் சிறுநீரகம் கூடாதா?

சாமிக்குப் பயப்படாதவன் வேறு எதற்குத்தான் பயப்படுவான் என்ற எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றி இருக்கிறது. கடன் கொடுக்கும்போதும், வீடு வாடகைக்கு விடும்போதும், பெண் கொடுக்கும்போதும் இந்தக் கேள்வி எழுகிறது. எழுந்துவிட்டுப் போகட்டும், பெண் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் இஷ்டம். ஆனால் உயிர் போகிற நேரத்தில், ஒருவருக்குச் சிறுநீரகம் கிடைக்க வேண்டுமா வேண்டாமா என்ற இடத்திலும் இதே கேள்வி வந்து நிற்குமானால், பேசாமல் இருக்க முடியாது.

மும்பையில் நம்மவர் நிறைந்து வாழும் ஒரு பகுதியில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தையும் சங்கத்தையும் பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். நெல்லைச் சீமைக்காரர், வயது ஐம்பது. செப்டம்பர் 17-ந் தேதி வந்தால் பட்டறை வாசலில் பெரியார் படம் வைத்து மிட்டாய் கொடுப்பார். கோயில் கொடைக்கு வரி கேட்டுப் போனால், "சாமிக்கு இல்லை, சாப்பாட்டுக்கு வேணும்னா எழுதிக்கிடுங்க" என்று அன்னதானத்துக்கு மட்டும் கொடுப்பார். இப்போது இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிசில் கிடக்கிறார். மனைவி தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க முன்வந்திருக்கிறார். ஆபரேஷன் செலவு, அதன் பிறகு ஆயுள் முழுக்க மாத்திரைச் செலவு. சங்கத்தின் உதவியைக் கேட்டு மனுக் கொடுத்தார்.

கமிட்டியில் ஒருவர் எழுந்து, "சாமியே இல்லேன்னு ஊரெல்லாம் சொன்ன ஆளுக்கு சாமி காசு எதுக்கு?" என்றார். இன்னொருவர் அதற்கும் ஒரு படி மேலே போய், "சாமி குடுத்த தண்டனைக்கு நாம குறுக்கே போகலாமா?" என்று கேட்டாராம். மனு தள்ளுபடியாயிற்று.

முதலாமவர் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. உண்டியலில் போட்டவர்கள் கோயிலுக்கென்று போட்டார்கள். அதை எடுத்து வேறு காரியத்துக்குச் செலவழித்தால் கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சங்கத்தில் மருத்துவ உதவி என்று தனியாக மாதச் சந்தா வாங்குகிறார்கள். அந்தச் சந்தாவை இந்த மனிதரும் பல வருஷமாகக் கட்டி வந்திருக்கிறார். அதே கணக்கிலிருந்துதான் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போன ஒருவருக்கு உதவி செய்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. அவர் கடைசியாகக் கோயில் வாசலை மிதித்தது எப்போது என்று எவரும் விசாரிக்கவில்லை. வட்டிக்கு விட்டே நாலு குடும்பத்தை ஊருக்கு ரயிலேற்றிய ஒருவரின் நெஞ்சு ஆபரேஷனுக்கும் பணம் போயிற்று. ஆக, பக்தி இல்லாதவர்களுக்கெல்லாம் தடை போடவில்லை. இல்லை என்பதை வாய் திறந்து சொன்னவருக்கு மட்டும் தடை போட்டார்கள்.

இரண்டாமவரின் தண்டனைப் பேச்சுக்கு அதிகம் பதில் வேண்டியதில்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலில் நிற்பவை சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டிலும் திருநீறு பூசிய நெற்றியும், சிலுவை போட்ட கழுத்தும், தொழுகைத் தழும்பும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கக் காணலாம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது, 2011-ல் திருத்தப்பட்டது. இறந்தவரின் உறுப்பு யாருக்குப் போக வேண்டும் என்பதை மும்பை வட்டாரத்தில் மண்டல ஒருங்கிணைப்பு மையம் பதிவு வரிசைப்படி முடிவு செய்கிறது. ரத்த வகை பொருந்துகிறதா, டயாலிசிசில் எத்தனை காலமாக இருக்கிறார், வயது என்ன, நிலைமை எவ்வளவு அவசரம் என்றெல்லாம் மார்க் போடுகிறார்கள். சாமி கும்பிடுவாரா என்பதற்கு அதில் மார்க் கிடையாது. கொடுக்கும் குடும்பத்தாரும், "எங்கள் ஆளுக்கே வையுங்கள்" என்று கேட்க முடியாது. உறுப்பு யாரிடமிருந்து வந்தது என்பதைப் பெறுகிறவருக்குச் சொல்வதும் இல்லை. நாளை உங்கள் தகப்பனாருக்குக் கண் வைத்தால், அது எந்த வீட்டுக் கண்ணோ!

இந்த வரிசையில் வெறுப்பை நுழைத்துப் பார்த்த தேசமும் உண்டு. இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1998-ம் ஆண்டு, இறந்தவரின் சொந்தக்காரர்கள் வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் கொடுப்போம் என்று நிபந்தனை போட்டார்கள். அதிகாரிகளும் வாங்கிக்கொண்டார்கள். மறுவருஷம் விஷயம் வெளியே வந்து நாடே கொதித்தது. விசாரணை நடந்தது. இப்படிப்பட்ட நிபந்தனையோடு வரும் உறுப்பை ஏற்கவே கூடாது என்று 2000-ம் ஆண்டில் அறிக்கை கொடுத்தார்கள். நிபந்தனையை ஏற்றதால் ஓர் உயிர் பிழைத்ததே என்று வாதாடலாம். ஆனால் ஒரு தடவை ஏற்றுக்கொண்டால், அடுத்து வருகிறவர் சாதி கேட்பார், அதற்கடுத்தவர் மதம் கேட்பார். வரிசையில் நிற்கும் ஏழைக்கு என்ன கதி?

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. இதே மும்பையில் 1966-க்குப் பிறகு லுங்கிக்காரன் என்று கேலி பேசி, கடையை அடித்து, வேலையில் சேர விடாமல் விரட்டிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. உறுப்பு மாற்று விஷயத்திலும் பிறந்த மண் குறுக்கே வந்தது. பல மாநிலங்களில் அந்த மாநிலத்தவர் என்ற டொமிசைல் சர்டிபிகேட் இருந்தால்தான் வரிசையில் பெயர் எழுத முடியும் என்ற நிலை இருந்தது. குஜராத் அரசின் அப்படிப்பட்ட விதி செல்லாது என்று 2022 நவம்பரில் அந்த மாநில ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. டொமிசைல் கேட்க வேண்டாம், பதிவுக்குக் கட்டணம் வாங்க வேண்டாம், 65 வயது வரம்பும் வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியது. இதைக் கேட்டு நாம் சந்தோஷப்பட்டோம். ஊரைக் கேட்காதே என்று மற்றவரிடம் நியாயம் பேசும் நாம், நம்மில் ஒருவரிடம் விபூதி எங்கே என்று கேட்டால் அது எந்த ஊர் நியாயம்?

நாத்திகர் தம் உடம்பைக் கொடுத்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். விஞ்ஞானி ஹால்டேன் இங்கிலாந்திலே பிறந்து இந்தியக் குடிமகனானவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1964 டிசம்பரில் புவனேசுவரத்தில் இறந்தபோது, அவர் எழுதி வைத்தபடி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. மேற்கு வங்காளத்தில் 23 வருஷம் முதல்-மந்திரியாக இருந்த ஜோதிபாசு 2010-ல் காலமானார். ஊர்வலம் முடிந்து அவர் உடல் போன இடம் சுடுகாடு அல்ல, கல்கத்தா அரசு ஆஸ்பத்திரி. சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்டது. மேலுலகத்தில் கூலி உண்டு என்று எதிர்பார்த்து இவர்கள் கொடுக்கவில்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கில் மதத்தைத் தெரிவிக்காதவர்கள் சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்கள் எல்லோரும் நாத்திகர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இத்தனை பேரும் பயமற்ற அயோக்கியர்கள் என்று எவராவது சாதிக்க முடியுமா?

இதைப் படித்துக் கறுப்புச் சட்டை நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த கண்ணப்பர் நாத்திகர் இல்லை. முதுகெலும்பைக் கொடுத்த ததீசி முனிவரும் இல்லை. 2023-ம் ஆண்டில் நம் நாட்டில் 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பு மாற்று ஆபரேஷன்கள் நடந்தன. இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்கள் அந்த ஆண்டில் சுமார் 1,100 பேர்தான். அந்த 1,100 குடும்பங்களில் பெரும்பாலானவை சாமி கும்பிடும் குடும்பங்களாகவே இருக்கும். வாசலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய்ப் பெற்ற மகனின் இதயத்தைக் கொடுத்த தாய்மாரை எவர் குறைத்துப் பேசினாலும் அது பாவம். பாவம் என்ற சொல் பிடிக்காதவர்கள் அநியாயம் என்று வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றிலும் இரு தரப்பாரும் ஒன்றுதான். 1995 முதல் 2021 வரை நடந்த சுமார் 36 ஆயிரத்து 600 உறுப்பு மாற்று ஆபரேஷன்களில், உறுப்பைப் பெற்ற பெண்கள் 7 ஆயிரத்துக்கும் குறைவு என்று நோட்டோ எனப்படும் தேசிய அமைப்பின் கணக்கு சொல்கிறது. உயிரோடு இருக்கும்போதே கொடுப்பவர்களிலோ பெண்களே அதிகம். மனைவி கொடுப்பாள், அக்காள் கொடுப்பாள், தாய் கொடுப்பாள். வாங்கிக்கொள்வது ஆண்பிள்ளை. பூஜை அறை உள்ள வீட்டிலும் இதே வழக்கம், பெரியார் படம் மாட்டிய வீட்டிலும் இதே வழக்கம். நான் மேலே சொன்ன தோல் பட்டறைக்காரர் வீட்டிலும் கொடுப்பது மனைவிதான் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

பணம் புகுந்த இடத்தில் பக்தியும் தடுக்காது, பகுத்தறிவும் தடுக்காது. 2016-ல் மும்பைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் யாரோ ஒரு பெண்ணை மனைவி என்று பொய்ப் பத்திரம் காட்டி சிறுநீரக ஆபரேஷனுக்கு ஏற்பாடு நடந்தது, போலீசார் வந்து நிறுத்தினார்கள். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெடித்தது. திருத்தப்பட்ட சட்டப்படி இந்த வியாபாரத்துக்கு 5 முதல் 10 வருஷம் வரை ஜெயில், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். பயப்பட வேண்டியவர்கள் இதற்கே பயப்படவில்லை. நம் சங்கங்கள் சந்தேகப்பட வேண்டியது புரோக்கர்களை. அதை விட்டுவிட்டுப் பெரியார் படத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் யாருக்குமே முன்னுரிமை கூடாதா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 1987-ல் வந்த சட்டப்படி, இறந்தபின் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர், தமக்கு உறுப்பு தேவைப்படும்போது வரிசையில் பின்னே போகிறார். 2025 ஆகஸ்டில் நோட்டோ நம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையிலும், இறந்தபின் உறுப்பு கொடுத்தவரின் நெருங்கிய உறவினருக்கும், பெண் நோயாளிகளுக்கும் முன்னுரிமை தரச் சொல்லியிருக்கிறது. இவை எனக்கு நியாயமாகப் படுகின்றன. கொடுத்தவர் வீட்டுக்கு முதலிடம் என்பது செய்கையைப் பார்த்துச் சொல்வது. நம்பிக்கையைப் பார்த்துச் சொல்வதல்ல. உறுப்பு கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்ததே, அதிலும் மதக் கேள்வி இல்லை. நம் சங்கங்களும் மருத்துவ உதவிச் சந்தாவைக் கோயில் கணக்கோடு கலக்காமல் தனி நோட்டில் எழுதினால் பாதித் தகராறு தீர்ந்துபோகும்.

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு உறுப்பு தானப் பாரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். வீட்டில் சொல்வதில்லை. சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். இப்போது ஆதாரை வைத்து இணையத்திலும் பதியலாம். எப்படிப் பதிந்தாலும், மூளைச்சாவு என்று நான்கு டாக்டர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துச் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரியில் வந்து கேட்பது மனைவியைத்தான். ஒருபுறம் மாமனார் போனில் அழுவார், மறுபுறம் பங்காளிகள் சடங்குக்கு உடம்பு முழுசாக வேண்டும் என்பார்கள். முன்கூட்டியே கேள்விப்படாத பெண் என்ன செய்வாள்? வேண்டாம் என்றுதான் சொல்வாள். உறுப்பை எடுத்த பிறகு உடலைத் தைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், எந்தச் சடங்கும் செய்யலாம் என்பதை அவளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். உடலையே கல்லூரிக்குக் கொடுப்பது வேறு விஷயம். அதற்கு வேறு பாரம், வேறு ஏற்பாடு.

கண் மட்டும் கொடுப்பதென்றால் இத்தனை சிரமம் கூட இல்லை. வீட்டில் இறந்தாலும் கொடுக்கலாம், கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நம்மவர் வீடுகளில் ஊரிலிருந்து ஆள் வரட்டும் என்று உடலை வைத்திருப்பது வழக்கம். நாகர்கோவில் வண்டி மும்பை வந்து சேர ஒன்றரை நாள் ஆகிறது. அவர்கள் வரும்வரை உடல் இருக்கட்டும், கண் காத்திருக்காது. மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையணையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு, உடனே பக்கத்துக் கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வந்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.