நாலு மெகாவாட் என்ன கிள்ளுக்கீரையா?

"நாலு மெகாவாட் எல்லாம் ஒரு மேட்டரா பாஸ்?"

பழைய நீர்மின் நிலையத்தைப் புதுப்பிக்கிறதப் பத்திப் பேச்செடுத்தாலே எதிர்ல இருக்கறவர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார். அடுத்தது, "கூடங்குளத்துல ஒரு உலையே ஆயிரம் மெகாவாட் இருக்கே." அதுக்கும் அடுத்தது, "மொட்டை மாடி பூரா சோலார் போட்டா முடிஞ்சுது கதை." இப்படிச் சொல்றதுல நம்ம பொட்டி தட்டுற மக்கள்தான் ஜாஸ்திங்கறது கூடுதல் சோகம். எல்லாம் இஞ்சினியரிங் படிச்ச புள்ளைங்க வேற. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், ஓடிடாதீங்க.

நெல்லைக்காரங்களுக்குப் பாபநாசம் மின் நிலையத்தைத் தெரியாம இருக்காது. அகஸ்தியர் அருவிக்குக் குளிக்கப் போறப்ப பார்த்திருப்பீங்க. 1944-ல வெள்ளைக்காரன் காலத்துல ஓட ஆரம்பிச்சது. நாலு மெஷின், ஒவ்வொண்ணும் 7 மெகாவாட், மொத்தம் 28. 'சிறு நீர்மின் நிலையம்'னு மத்திய அரசு வெச்சிருக்கற 25 மெகாவாட் கோட்டை மயிரிழையில தாண்டுன சைஸ். பிற்பாடு புதுப்பிச்சப்ப ஒவ்வொண்ணும் 8 ஆச்சு, மொத்தம் 32. அணை அதே, மலை அதே, தாமிரபரணியும் அதே.

நக்கலடிக்கிற நாலு மெகாவாட் இதுதான். இதே நாலு மெகாவாட்டுக்கு அந்த மலையில புதுசா ஒரு அணை கட்டணும்னு வெச்சுக்குங்க. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல இருந்து. காணி மக்கள் குடியிருக்கற காடு. எத்தனை மரம், எத்தனை வீடு, எத்தனை வருஷம் கோர்ட்டு கேஸ்? புதுப்பிச்சதுல காட்டுக்குள்ள ஒரு ஏக்கர்கூட முழுகல.

பாபநாசம் மட்டும் இல்ல. 1937-ல ஓட ஆரம்பிச்ச மேட்டூர் அணை மின் நிலையத்துல 10 மெகாவாட் மெஷின் நாலும் 12.5 ஆச்சு. 40 இருந்த இடத்துல 50. பெரியாறு தண்ணியில ஓடுற லோயர் கேம்ப்ல 35 மெகாவாட் மெஷின்களை 42 ஆக்குனாங்க. இதுக்கெல்லாம் எங்கயும் புதுசா ஒரு ஆத்தை மறிக்கல.

"அதே தண்ணியில எப்படிய்யா ஜாஸ்தி வரும், மந்திரமா?" மந்திரம் எல்லாம் இல்லீங்க. அந்தக் காலத்துல ஜெனரேட்டர் வைண்டிங்குக்கு மைக்காவும் தாரும் சேர்த்துக் காப்பு சுத்துவாங்க. தடிமனா இருக்கும், சூடும் தாங்காது. இப்ப எபாக்ஸி காப்பு மெலிசு, சூடும் தாங்கும். மிச்சமான இடத்துல கூடுதல் செம்பைத் திணிக்கலாம், கூடுதல் மின்சாரம் ஓட்டலாம். கீழ டர்பைன்ல சுத்துற ரன்னரை மணலும் வண்டலும் பல வருஷமா அரிச்சுக் குழி போட்டிருக்கும். புது ரன்னர் துருப்பிடிக்காத எஃகு, கம்ப்யூட்டர்ல தண்ணி ஓட்டத்தைக் கணக்குப் போட்டு வளைச்ச இதழ்கள். அணையும் சுரங்கமும் ஒழுங்காப் பராமரிச்சா நூறு வருஷம் தாங்கும். மெஷினுக்கு ஆயுசு பொதுவா 35, 40 வருஷம்தான். வீடு நல்லா இருக்கு, மோட்டார்தான் போச்சுன்னா யாராச்சும் வீட்டை இடிப்பாங்களா?

ஆனா ஒண்ணை நேர்மையாச் சொல்லிடணும். மெகாவாட் கூடுனா யூனிட்டும் தானா கூடிடாது. தண்ணி இருந்தாத்தான் கரண்ட். பாபநாசத்துல தண்ணி திறக்கறது முதல்ல கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும், அப்புறம்தான் ஈபிக்கு. அதனால மெகாவாட்டை விட்டுட்டு, ஒரு டிஎம்சி தண்ணிக்கு எத்தனை யூனிட்டுன்னு கேளுங்க. ஒரு டிஎம்சி தண்ணி 100 மீட்டர் உயரத்துல இருந்து இறங்குனா, துளி நஷ்டம் இல்லாத கணக்குல சுமார் 77 லட்சம் யூனிட். அப்படின்னா மெஷினோட திறன் ஒரே ஒரு சதவீதம் குறைஞ்சாலும் டிஎம்சிக்கு 77 ஆயிரம் யூனிட் ஆத்தோட போகுது. ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் செலவாகற வீடுன்னா அறுபதுக்கும் மேல வீடுகளுக்கு ஒரு வருஷத்துக்கான கரண்ட்! அஞ்சு சதவீதம் தேஞ்சு போயிருந்தா? நீங்களே பெருக்கிக்குங்க.

"மழை பெய்யலேன்னா என்ன பண்ணுவ?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். அண்ணே, மழை பெய்யாத வருஷத்துலதான் ஒவ்வொரு சொட்டும் முக்கியம். பஞ்சத்துல ஓட்டைச் சட்டியில சமைக்கச் சொல்றீங்களே!

அடுத்து சோலார் கோஷ்டி. சோலாருக்கு நான் எதிரி இல்ல. ஆனா சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்அவுட் பண்ணிட்டுப் போயிடறார். நம்ம வீட்ல ஏசி, டிவி, மிக்ஸி எல்லாம் லாகின் ஆகறதே அப்பதான். அந்த நேரத்துக்கு மின் சந்தையில வாங்கணும்னா, 2022-ல யூனிட்டுக்கு 12 ரூபாய்னு உச்சவரம்பு வெச்சாங்க, 2023-ல அதை 10 ரூபாய் ஆக்குனாங்க. கோடையில சாயங்கால விலை அந்த உச்சியைத் தொட்ட நாளெல்லாம் உண்டு. பாசனத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத நீலகிரி அணைகள் மாதிரி இடங்கள்ல, வால்வைத் திறந்தா சில நிமிஷத்துல கரண்ட். நாலு மெகாவாட்டை நாலு மணி நேரம் ஓட்டுனா 16 ஆயிரம் யூனிட். 10 ரூபாய்க்கு வாங்கறதா இருந்தா ஒரு சாயங்காலத்துக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இப்ப சொல்லுங்க, நாலு மெகாவாட் மேட்டரா இல்லையா?

அப்புறம் ஏன் இந்த வேலை எல்லாம் ஆமை வேகத்துல நடக்குது? என் பதில் சிம்பிள். ரன்னரை மாத்துனா கல்வெட்டு வைக்க முடியாது. புது அணைன்னா அடிக்கல், ரிப்பன், முழுப்பக்க விளம்பரம். பழைய ஜெனரேட்டருக்குப் புது வைண்டிங் போட்டதுக்கு யார் மாலை போடுவா? நம்ம ஃபீல்டுலயும் இதே கதைதானே? பதினஞ்சு வருஷமா ஓடுற சிஸ்டத்துல நாலு இடத்தைச் சரி பண்ணாப் போதும்னா மேனேஜர் காதுல விழாது. மொத்தத்தையும் திருப்பி எழுதலாம்னாதான் கண்ணு மின்னும்.

2024-ல தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கறதுக்குன்னு தனிக் கொள்கையே போட்டது. நல்ல விஷயம். அதே வருஷம் புது சிறு நீர்மின் திட்டங்களுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் கொள்கை வந்துது. தனியார் வந்து புதுசா கட்டறதுக்கு இவ்வளவு யோசிக்கிறவங்க, நம்ம காசுல கட்டி நம்ம பேர்ல இருக்கற பழைய நிலையங்களுக்கும் அதே அக்கறை காட்டணுமா வேண்டாமா?

நான் கேக்கறது மூணே மூணு. ஒண்ணு, எந்த நிலையத்துல எந்த மெஷினை எந்த வருஷம் பிரிக்கப் போறாங்கன்னு பத்து வருஷத்துக்கு அட்டவணை போட்டு வெளியிடணும். மெஷின் படுத்தப்புறம் டெண்டர் விட்டா, தண்ணி வர்ற சீசன்ல மெஷின் துண்டு துண்டாக் கிடக்கும், தண்ணி சும்மா ஷட்டர் வழியாப் போகும். ரெண்டு, நிலையம் வாரியா டிஎம்சிக்கு எத்தனை யூனிட்டுன்னு வருஷா வருஷம் சொல்லணும். எந்த மெஷின் தேயுதுன்னு எல்லாருக்கும் அதுலயே தெரிஞ்சுடும். மூணு, அணையில வண்டலையும் வாரணும். புது ரன்னரைப் போட்டுட்டு மறுபடி மணலை ஊட்டுனா அது அஞ்சு வருஷத்துல பழைய ரன்னர்தான்.

எண்பது வருஷத்துக்கு முன்னாடி தலையில கல்லு சுமந்து, காட்டுல காய்ச்சல் வாங்கி யாரோ கட்டி வெச்ச சொத்து இது. தண்ணிக்கும் உயரத்துக்கும் நாம இனிமே காசு கொடுக்க வேண்டியதில்ல. தேஞ்ச இரும்பை மாத்தறதுக்குக் கூட மனசு வரலேன்னா, புதுசா கட்டறதப் பத்திப் பேச நமக்கு என்ன யோக்கியதை?

டிஸ்கி: அணு உலை நல்லதா கெட்டதாங்கற பஞ்சாயத்துக்கு இந்தப் பதிவு இல்ல. அந்தக் கும்மியைத் தனியா வெச்சுக்கலாம். இங்க வர்றவங்க தயவுசெஞ்சு டிஎம்சி கணக்கோட வாங்க.