சொல்லும் பொருளும்: லோனும் 'சாங்ஷன்'தான், தடையும் 'சாங்ஷன்'தான்!

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், நைட் ஷிஃப்ட். வெளிநாட்டுச் செய்தி ஒன்று ஆங்கிலத்தில் வந்து விழுந்தது. எண்ணெய் ஏற்றிச் செல்லும் சில கப்பல் நிறுவனங்களை அமெரிக்கா 'சாங்ஷன்' செய்திருக்கிறது என்று முதல் வரி. நமக்குத்தான் தெரிந்த வார்த்தை ஆயிற்றே! 'கப்பல் நிறுவனங்களுக்கு அமெரிக்கா ஒப்புதல்' என்று தலைப்பு வைத்து, நோட்டிஃபிகேஷனுக்கு அனுப்பத் தயாராகிவிட்டேன்.

பக்கத்து சீட் சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, கையை எடு. அது ஒப்புதல் இல்ல, தடை" என்றார். இன்னும் ஒரே ஒரு கிளிக்தான் பாக்கி. அன்று போயிருந்தால் ஆயிரக்கணக்கான போன்களில் நேர் எதிரான செய்தி 'டிங்' என்று ஒலித்திருக்கும்.

என்மேல் முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் இந்த வார்த்தை எப்படிப் புழங்குகிறது? 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு', 'லீவு சாங்ஷன் ஆகலை', 'சாங்ஷன் ஆன போஸ்ட் பத்து, ஆள் இருக்கிறது ஆறு' என்றுதானே பேசுகிறோம்! கரன்ட் கனெக்‌ஷனில்கூட 'சாங்ஷன்டு லோடு' இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அனுமதித்திருக்கும் மின் அளவு அது. அரசுத் தமிழில் இதையே 'ஒப்பளிப்பு' என்பார்கள். எல்லாமே 'சரி' சொல்கிற சமாச்சாரம். அதே வார்த்தை உலகச் செய்திக்குள் போனதும் 'கூடாது' என்று கையை நீட்டுகிறது.

ஏன் இப்படி? வேர் லத்தீனில் இருக்கிறது. 'சாங்கீரே' என்றொரு வினைச்சொல். ஒன்றைப் புனிதமாக்குவது, மீறக் கூடாத விதியாக உறுதிசெய்வது என்று பொருள். 'செயின்ட்', 'சாங்சுவரி' எல்லாம் இதே குடும்பம்தான். விதி என்றால் இரண்டு பக்கம் உண்டு. 'இது செல்லும்' என்று உறுதிசெய்வது ஒன்று. 'மீறினால் தண்டனை' என்று எச்சரிப்பது இன்னொன்று. 16-ம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த இந்த வார்த்தை, இரண்டு பக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. சட்டத்தில், விதியை மீறுபவருக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கும் 'சாங்ஷன்' என்றே பெயர் வந்தது. 'அங்கீகரி' என்ற வினைச்சொல்லாக அது நிலைபெற்றது 18-ம் நூற்றாண்டில்.

தண்டனைப் பக்கம் உலகப் புகழ் பெற்றது 20-ம் நூற்றாண்டில்தான். 1935-ல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தது. அன்றைய சர்வதேசச் சங்கம் இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் போருக்கு முக்கியமான எண்ணெயைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். மறு வருடமே தடையையும் விலக்கிக்கொண்டார்கள். நமக்கும் அனுபவம் உண்டு. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடத்தியதும் அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகள் இந்தியா மீது விதித்தவை 'சாங்ஷன்ஸ்'தான்.

சரி, படிக்கும்போது எது எதுவென்று கண்டுபிடிப்பது எப்படி? நம் தமிழே வழி காட்டுகிறது. 'அணை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அணைத்தாள், விளக்கை அணைத்தாள். ஒன்று அரவணைப்பு, இன்னொன்று இருட்டு! எதை அணைத்தாள் என்பதை வைத்துப் புரிந்துகொள்கிறோம். (எங்கள் பாட்டி இருந்தவரை விளக்கை 'அணை' என்று சொல்லவே விட மாட்டார், 'அமர்த்து' என்றுதான் சொல்ல வேண்டும். அது தனிக்கதை.)

அதே சூத்திரம்தான் இங்கேயும். 'சாங்ஷன்' செய்யப்படுவது கடன், விடுப்பு, திட்டம், செலவு என ஒரு பொருளாகவோ செயலாகவோ இருந்தால் அனுமதி. ஆள், நிறுவனம், நாடு என்றால் பெரும்பாலும் தண்டனை அல்லது தடை. 'வங்கி கடனை சாங்ஷன் செய்தது' என்றால் இனிப்பு வாங்கலாம். 'அமெரிக்கா அந்த வங்கியை சாங்ஷன் செய்தது' என்றால் வங்கிக்குச் சிக்கல். கடைசியில் 'ஸ்' ஒட்டி 'சாங்ஷன்ஸ்' என்று வந்தால் அநேகமாகப் பொருளாதாரத் தடைதான்.

ஊழல் வழக்குச் செய்திகளில் ஒரு வழுக்கல் இருக்கிறது, ஜாக்கிரதை. 'அதிகாரி மீது வழக்கு நடத்த சாங்ஷன்' என்று வரும். தண்டனை வாடை அடித்தாலும் இங்கே அர்த்தம் அனுமதிதான். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, அரசு ஊழியர் மீதான ஊழல் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள உரிய அரசின் அல்லது அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 'சாங்ஷன் மறுப்பு' என்றால் அவருக்கு நிம்மதி!

அனுமதி என்கிற அர்த்தத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தது எங்கள் குடும்பம். சித்தப்பா மகளுக்குக் கல்விக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டதாக வங்கியிலிருந்து கடிதம் வந்தது. பணமே வந்துவிட்ட மாதிரி சித்தப்பா தெம்பாகிவிட்டார். கையில் இருந்த பணத்தை வீட்டு ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டார். ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வந்தது, பணம் வரவில்லை. சித்தியின் வளையல் அடகுக்குப் போனது.

சாங்ஷன் என்றால் 'இவ்வளவு தரச் சம்மதம்' என்பது மட்டும்தான். கையெழுத்து, ஆவணங்கள், நிபந்தனைகள் எல்லாம் முடிந்து பணம் வெளியே வருவதற்கு 'டிஸ்பர்ஸ்மென்ட்' என்று பெயர். கல்விக் கடனில் அதுவும் பெரும்பாலும் தவணை தவணையாக, நேராகக் கல்லூரிக் கணக்குக்கே போகும். ஆகவே கடிதம் வந்ததும் வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி, 'டிஸ்பர்ஸ் எப்போ சார்?'

விண்ணப்பிக்காத கடன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது, பிராசசிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள் என்று வரும் எஸ்.எம்.எஸ்-ஸை என்ன செய்வது என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். லிங்க்கைத் தொடாமல் டெலிட் செய்யுங்கள் அம்மா.

அடுத்த வாரம் 'ஓவர்சைட்'. அதற்கும் கண்காணிப்பு, கவனக்குறைவு என்று இரண்டு முகம்.