கையெழுத்தை ஏனய்யா கண்டவனிடம் கொடுக்கிறீர்கள்?

வங்கித் தேர்வுக்கு ஐபிபிஎஸ் கேட்பது சின்ன விஷயம். போட்டோ 20-50 கேபி, கையெழுத்து 10-20 கேபி. பெங்களூரில் பிஜியில் தங்கிப் படிக்கிற நம்ம ஊர்ப் பசங்க என்ன செய்கிறார்கள்? கூகுளில் முதலில் வருகிற ஏதோ ஒரு தளத்தில் போட்டோ, கையெழுத்து, ஆதார் என்று வரிசையாக ஏற்றுகிறார்கள்! கேட்டால், "பழைய பொட்டி சார், போட்டோஷாப் தாங்காது" என்று பதில் வேறு.

போட்டோஷாப்பை யார் கேட்டது?

இர்ஃபான்வியூ 1996-லிருந்து இருக்கிறது. சில எம்பிதான். 32-பிட் பதிப்பு விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஓடும். ஜேபெக்காகச் சேமிக்கும்போது எத்தனை கேபி வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. எக்ஸ்என்வியூ 500-க்கு மேற்பட்ட கோப்பு வகைகளைத் திறக்கும். படங்களை அடுக்கிப் பார்க்க அதுதான் வசதி. சுருக்கிச் சேமிக்க மட்டும் என்றால் என் ஓட்டு இர்ஃபானுக்கே. இரண்டும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். (அலுவலகம் என்றால் காசு கொடுங்கள் சாமி.) பிகாசாவை 2016-ல் கூகுள் கைகழுவியது, இவை இன்னும் இருக்கின்றன.

காசோலை வந்தால் நாங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்தக் கையெழுத்தைத்தான். அதை முகம் தெரியாத சர்வருக்குத் தாரை வார்த்துவிட்டு, பாஸ்வேர்டை மட்டும் பூட்டி வைத்து என்ன பயன்?